பழி ஓரிடம், பழுது ஓரிடம்

மண் தோண்டும் மினி எக்ஸ்கவேட்டர் மந்தமாக வேலை செய்ய ஆரம்பித்தால் முதல் பழி, ஆயிலை அழுத்தி ஓடவைக்கும் ஹைட்ராலிக் பம்ப் தலையில்தான் விழும். "பம்ப் போச்சுண்ணே" என்பார் ஆபரேட்டர். வண்டிக்காரர் முகம் வெளிறிவிடும். மெக்கானிக் வந்து சேர்வதற்குள் புது பம்ப் எங்கே கிடைக்கும் என்று நாலு இடத்துக்கு ஃபோன் பறந்திருக்கும். விலை அதிகம், கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, வண்டியை ஓட்டும் ஆயில் முழுக்க அதன் வழியாகத்தான் போகிறது. சந்தேகப்பட இவ்வளவு போதும் போலிருக்கிறது. ஆனால் அப்படிக் கூப்பிட்டு நான் போய்ப் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் பம்ப் சமர்த்தாகத்தான் இருந்தது. ஒன்றில் ஆயில் குறைவு. ஒன்றில் டாங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்து காற்று இழுத்துக்கொண்டிருந்தது. ஒன்றில் டாங்க் மூடியில் காற்று வந்துபோகும் வழியான பிரீதர் சேறு பூசி அடைத்துப் போயிருந்தது.

ஆறு டன்னுக்கு உட்பட்ட சின்ன வண்டிகளைப் பற்றித்தான் பேசுகிறேன். பெரிய வண்டிக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. ஆனால் சின்ன வண்டியில் ஆயில் கொஞ்சம், இடம் நெருக்கம். கவனிக்காமல் விட்டது எதுவானாலும் சீக்கிரம் வெளியே தெரிந்துவிடும்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது: எல்லாமே மந்தமா, ஒன்று மட்டுமா? பூம் (வண்டியோடு சேர்ந்த பெரிய கை), ஆர்ம் (அதன் நுனியில் உள்ள சின்னக் கை), பக்கெட், மேல்பகுதியின் சுழற்சி, வண்டி ஓடும் இரண்டு செயின், முன்னால் உள்ள மண் தள்ளும் பிளேடு எல்லாம் ஒருசேரச் சோர்ந்திருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும். இன்ஜின் முழு வேகம் பிடிக்கிறதா, ஆயில் மட்டம், உறிஞ்சும் பக்கத்து வடிகட்டி, லீவர் வழியாகப் போகும் பைலட் பிரஷர், பிரஷர் எல்லை மீறினால் திறந்துவிடும் மெயின் ரிலீஃப் வால்வு. இத்தனையும் தாண்டிய பிறகுதான் பம்ப். ஒரே ஒரு அசைவு மட்டும் மந்தம் என்றால் பம்பை மறந்துவிடலாம். அந்த அசைவுக்கு உரிய ஸ்பூல் (வால்வுக்குள் நகர்ந்து ஆயிலுக்கு வழிவிடும் தண்டு), போர்ட் ரிலீஃப் (அந்த அசைவுக்கு மட்டுமான ரிலீஃப் வால்வு), ஹோஸ், சிலிண்டர் அல்லது மோட்டார், இவற்றுக்குள்தான் விடை இருக்கும்.

இடையில் இன்னொரு ரகமும் உண்டு. பல வண்டிகளில் பம்ப் என்று நாம் சொல்வது ஒன்றல்ல. இரண்டு பிஸ்டன் பம்ப், அவற்றோடு சேர்ந்து ஒரு கியர் பம்ப். பூம், ஆர்ம், பக்கெட், செயின் ஆகியவை பிஸ்டன் பம்புகளுக்கு. சுழற்சி, பிளேடு, பூமை இடவலமாகத் திருப்பும் அசைவு ஆகியவை பெரும்பாலும் கியர் பம்புக்கு. சுழற்சியும் பிளேடும் ஒன்றாகச் சோர்ந்து மற்றதெல்லாம் துடிப்பாக இருந்தால் அது தற்செயல் இல்லை. எது எதோடு கூட்டணி என்பது வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் ஹைட்ராலிக் வரைபடத்தை ஒருமுறை உட்கார்ந்து பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டால் பாதி மெக்கானிக் ஆகிவிட்டீர்கள்.

அடுத்துக் கேட்க வேண்டியது: வேகம் குறைந்ததா, வலு குறைந்ததா? இரண்டையும் "இழுக்கல" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஹைட்ராலிக்கில் இரண்டும் வேறு. வேகம் என்பது எவ்வளவு ஆயில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. வலு என்பது எவ்வளவு பிரஷர் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வெறும் பக்கெட்டைத் தூக்கவே நேரம் எடுத்தால் ஓட்டம் குறைவு. வெறுமையாக விறுவிறு என்று ஏறி, மண்ணில் குத்தியதும் நின்றுவிட்டால் பிரஷர் தங்கவில்லை, எங்கோ ரிலீஃப் வால்வு சீக்கிரம் திறக்கிறது அல்லது உள்ளுக்குள் கசிகிறது. காலையில் நன்றாக இருந்து, வெயில் ஏற ஏறச் சோர்ந்தால் அதுவும் உள்கசிவின் அடையாளம். சூட்டில் ஆயில் நீர்த்துப்போய், தேய்ந்த இடைவெளிகள் வழியாக நழுவும். பம்பையோ மோட்டாரையோ நியாயமாகச் சந்தேகிக்கக்கூடிய இடம் இது.

பைலட் பிரஷரைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. பெரும்பாலான வண்டிகளில் கையில் பிடிக்கும் லீவர் நேரடியாக மெயின் வால்வைத் தள்ளுவதில்லை. லீவர் திறந்துவிடும் 30 முதல் 40 பார் வரையிலான சின்னப் பிரஷர்தான் போய் ஸ்பூலைத் தள்ளுகிறது. மெயின் லைனில் 200 பாருக்கு மேல் தயாராக நின்றாலும், பைலட் பலவீனமாக இருந்தால் ஸ்பூல் முழுதாகத் திறக்காது. வண்டியே வயதாகிவிட்டது போல நடக்கும். இன்ஜின் ஓடுகிறது, எந்த லீவருக்கும் அசைவே இல்லை என்றால் இன்னும் எளிது. உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள பாதுகாப்பு லீவர், அதன் ஸ்விட்ச், அது இயக்கும் சோலினாய்டு (மின்சாரத்தில் வேலை செய்யும் வால்வு), அதற்கான ஃபியூஸ். முதலில் ஃபியூஸ். ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஃபியூஸ் போனதற்காக வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு.

இந்தக் கட்டத்தில் சிலர் ரிலீஃப் வால்வின் திருகை அரைச் சுற்று இறுக்கிப் பார்ப்பார்கள். கேஜ் மாட்டாமல் அதைத் தொடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. வண்டி கொஞ்ச நேரம் வலுவாகத் தெரியும். பிறகு எந்த ஹோஸ் முதலில் வெடிக்கும், எந்த சீல் முதலில் போகும் என்பதுதான் பாக்கி. பிரஷரை அளக்காமல் பிரஷரைத் திருத்த முடியாது.

ஆயில் மட்டம் பார்ப்பது குழந்தை வேலை என்று தோன்றும். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு தளத்தில் வண்டி டாங்க் மூடி வழியாக ஆயிலைக் கக்கிக்கொண்டிருந்தது.

"மட்டம் குறைஞ்சிருந்துச்சுண்ணே, அதான் ஊத்தினேன்."

"பார்க்கும்போது வண்டி எப்படி நின்னுச்சு தம்பி?"

"பூமைத் தூக்கி, ஆர்மை மடக்கி வச்சிருந்தேன்."

அங்கேதான் இருக்கிறது சங்கதி. சிலிண்டர்கள் நீண்டிருக்கும்போது ஆயிலில் ஒரு பகுதி டாங்கில் இருக்காது, சிலிண்டருக்குள் இருக்கும். லெவல் கண்ணாடி குறைவு என்றே காட்டும். அதை நம்பி ஊற்றிவிட்டு, பிறகு சிலிண்டர்களை மடக்கினால் அத்தனையும் திரும்பி வந்து பிரீதர் வழியாக வழியும். எந்த நிலையில் பூம், ஆர்ம், பக்கெட், பிளேடு இருக்கும்போது மட்டம் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு கம்பெனியும் படம் போட்டே காட்டியிருக்கிறது. பெரும்பாலும் டாங்குக்குப் பக்கத்திலேயே ஸ்டிக்கர் இருக்கும். சேறு படிந்து மறைந்திருக்கும், துடைத்தால் தெரியும். மட்டம் பார்க்கும்போதே நிறத்தையும் பாருங்கள். பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நுரை கட்டினால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று இழுக்கிறது. கருத்து, தீய்ந்த வாடை வந்தால் சூடேறிக் கெட்டிருக்கிறது.

சூடு என்றதும் ரேடியேட்டருக்கு வருகிறேன். யான்மார் கம்பெனி 1993-ல் வியோ வரிசை வண்டிகளைக் கொண்டுவந்த பிறகு, சுழலும்போது பின்பக்கம் செயினுக்கு வெளியே நீளாத வண்டிகள் எங்கும் பரவிவிட்டன. சுவரோரம் வேலை செய்ய அற்புதம். ஆனால் அந்தக் குறுகிய முதுகுக்குள் இன்ஜின், பம்ப், ரேடியேட்டர், ஆயில் கூலர் எல்லாம் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருக்கிறது. ரேடியேட்டரும் கூலரும் ஒட்டியபடி நிற்கும் இடத்தில், நடுவே தூசியும் சருகும் புகுந்தால் வெளியிலிருந்து தெரியாது. காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது ஃபேன் காற்று போகும் திசைக்கு எதிராக அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் குப்பை இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். பிரஷர் வாட்டரை நேராக, கிட்டத்தில் வைத்து அடித்தால் ஃபின் என்ற மெல்லிய தகடுகள் மடங்கி, சுத்தம் செய்த ரேடியேட்டரே அடைத்த ரேடியேட்டர் ஆகிவிடும். ஹைட்ராலிக் ஆயில் 82 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தால் சீல்கள் இறுகும், ஆயில் வேகமாகக் கெடும். ஆக, சீல் திரும்பத் திரும்பப் போகிறது என்று புலம்புகிறவர்கள் கூலரை ஒரு பார்வை பார்க்கலாம். ஃபேன் பெல்ட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். புத்தகத்தில் சொன்னதைவிட அதிகமாகத் தொய்ந்தால் இறுக்குங்கள், வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள்.

இனி கிரீஸ். எட்டு அல்லது பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது வேலை நாளுக்கு ஒருமுறை என்று புத்தகம் சொல்லும். மூட்டுகளைக் கோக்கும் பின்னும், அதைச் சுற்றியுள்ள உறையான புஷ்ஷும் தேயாமல் இருக்கத்தான் அது. என்னைக் கேட்டால் பாதிதான் அதற்கு. மீதிப் பாதி வண்டியைச் சுற்றி வந்து தொட்டுப் பார்ப்பதற்கு. கிரீஸ் ஏறும் வாயான நிப்பிளைத் துணியால் துடைக்கிறோம் (துடைக்காமல் அடித்தால் மணலையும் சேர்த்து உள்ளே ஏற்றுகிறோம்), கிரீஸ் கன்னை மாட்டி அழுத்துகிறோம். பக்கெட் பின்னின் ஓரத்தில் முதலில் கறுப்பாகப் பழைய கிரீஸ் பிதுங்கும், பிறகு நிறம் வெளுத்துப் புதியது எட்டிப் பார்க்கும். அங்கே நிறுத்தலாம். பிதுங்கிய கறுப்பை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வெயிலில் பொடிப்பொடியாக மின்னினால் புஷ் உதிர்கிறது. கன் கல்லாக இறுகி ஒரு சொட்டும் ஏறவில்லை என்றால் வழி அடைத்திருக்கிறது. அப்படியே விட்டால் அந்தப் பின் வறண்டே ஓடும். பக்கெட்டைத் தரையில் வைத்து, பாரத்தைக் கொஞ்சம் மாற்றி, மறுபடி அடித்தால் சில சமயம் வழி திறக்கும். இல்லையென்றால் நிப்பிளைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

பக்கெட் பக்கம் எல்லோரும் அடித்துவிடுகிறார்கள், கைக்கு எட்டுகிறது. விட்டுப்போவது பூமின் அடிப்பகுதி, அதை இடவலமாகத் திருப்பும் பெரிய செங்குத்துப் பின், அதன் சிலிண்டர் ஒளிந்திருக்கும் இடம். முழுப் பாரமும் தாங்குவது அந்தச் செங்குத்துப் பின்தான். அது தளர்ந்துவிட்டால் பூம் நுனியில் பக்கெட் கையளவு ஆடும். சுழலும் பேரிங்குக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது வழக்கமான கணக்கு. ஒரே இடத்தில் நின்று அடித்தால் ஒரு பக்கம் மட்டும் நிரம்பும். கொஞ்சம் அடித்து, கன்னை எடுத்துவிட்டு, மேல்பகுதியைக் கால் வட்டம் திருப்பி, மறுபடி அடிக்க வேண்டும். திருப்பும்போது பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

ரப்பர் செயின் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. இறுக்கமாக இருந்தால் கழறாது என்பது ஒன்று. தொய்வாக இருந்தால் தேயாது என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. பிளேடாலும் பூமாலும் அந்தப் பக்கத்தைத் தரையிலிருந்து தூக்கி, வண்டி சறுக்காதபடி முட்டுக் கொடுத்து, நடு ரோலருக்கும் செயினின் உள்பரப்புக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் தொய்வு என்று அளக்க வேண்டும். சின்ன வண்டிகளில் இது 10 முதல் 20 மில்லிமீட்டருக்குள் வருவது சகஜம். சரியான எண் உங்கள் வண்டியின் புத்தகத்தில் இருக்கும். இறுக்க, செயினை இழுத்துப் பிடிக்கும் அட்ஜஸ்டருக்குள் ஒரு வால்வு வழியாகக் கிரீஸ் ஏற்றுகிறோம். தளர்த்தும்போதுதான் எச்சரிக்கை தேவை. அந்த வால்வுக்குப் பின்னால் கிரீஸ் பயங்கர அழுத்தத்தில் நிற்கிறது. ஸ்பேனரால் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்த வேண்டும். முழுதாகக் கழற்றவே கூடாது. முகத்தை அதற்கு நேரே வைக்கக்கூடாது. அந்த வால்வு குண்டு போலப் பறக்கக்கூடியது. செயின் அடிக்கடி கழறினால் தொய்வை மட்டும் பார்க்காமல் செயினை ஓட்டும் ஸ்பிராக்கெட் சக்கரத்தின் பற்களையும் பாருங்கள். பற்கள் கூர்ந்து கொக்கி போல வளைந்திருந்தால் புதுச் செயின் போட்டும் பயனில்லை. சாயங்காலம் செயினுக்குள் சிக்கிய கல்லையும் சேற்றையும் தட்டிவிடுவது, நின்ற இடத்திலேயே சுழற்றித் திருப்பாமல் அகல வளைத்துத் திருப்புவது, இரண்டும் செயினின் ஆயுளை நீட்டும்.

ஒரு பக்கச் செயின் மட்டும் சோர்ந்து, வண்டி நேராகப் போகாமல் ஒதுங்கினால்? முதலில் அந்தப் பக்கம் ரோலரில் சேறு இறுகியிருக்கிறதா, செயின் அதிக இறுக்கமா என்று பார்க்கலாம். அது இல்லையென்றால் வண்டிக்கு நடுவே, மேல்பகுதி சுழன்றாலும் ஆயிலைக் கீழே கடத்தும் சென்டர் ஜாயின்ட்டில் இடது, வலது மோட்டார்களுக்குப் போகும் ஹோஸ்களை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கோளாறு மறுபக்கத்துக்குத் தாவினால் மோட்டார் நிரபராதி. குற்றம் மேலே, வால்விலோ பம்பிலோ. தாவாமல் அதே பக்கம் நின்றால் மோட்டார் அல்லது ஃபைனல் டிரைவ் (மோட்டாரின் சுழற்சியைச் செயினுக்குக் கடத்தும் கியர் பெட்டி). எளிய சோதனை, ஆனால் ஹோஸைத் தொடுவதற்கு முன் பக்கெட்டையும் பிளேடையும் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, எல்லா லீவர்களையும் ஆட்டி, டாங்க் மூடியைத் திறந்து, மிச்சப் பிரஷரை வெளியேற்ற வேண்டும்.

ஃபைனல் டிரைவுக்கென்று தனி கியர் ஆயில் இருக்கிறது என்பதையே அறியாமல் வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஹைட்ராலிக் ஆயிலோடு கலக்காத தனிக் குடும்பம். ஒரு பிளக் கீழே ஆறு மணி நிலையிலும் மற்றது பக்கவாட்டில் மட்டம் காட்டும் நிலையிலும் வரும்படி செயினை நகர்த்தி நிறுத்தி, பக்கப் பிளக்கைக் கழற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது உள்ளே அழுத்தம் இருக்கும் என்பதால் மெதுவாக. துளை விளிம்பு வரை ஆயில் நின்றால் சரி. பொங்கி வழிந்தால் மோட்டாரின் சீல் போய் ஹைட்ராலிக் ஆயில் கியர் பக்கம் நுழைந்திருக்கிறது. அந்த நேரத்தில் மோட்டாரின் கூட்டுக்குள் கசியும் ஆயிலை டாங்குக்குத் திருப்பும் கேஸ் டிரெயின் லைனில் ஃபில்டர் இருக்கிறதா என்றும் தேடுங்கள். அது அடைத்தால் கேஸுக்குள் பிரஷர் ஏறி சீலைப் பிதுக்கும். ஃபில்டரை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றினால் மறுபடியும் அதே வேலைதான்.

இன்ஜின் பற்றி இங்கே நிறையச் சொல்லப்போவதில்லை, எந்த டீசல் இன்ஜினுக்கும் உள்ளதுதான் இதற்கும். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தைத் தினமும் பார்த்து வடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் டாங்கை நிரப்பி வைத்தால் இரவில் உள்ளே ஈரம் படிய இடம் இருக்காது. கரும்புகை என்றால் ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பின்பும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலன்ட் குறைகிறதா என்று கவனியுங்கள். ஸ்டார்ட்டர் 'டக்' என்று மட்டும் சொன்னால் பேட்டரியைத் திட்டுவதற்கு முன் டெர்மினலையும் பாடியில் மாட்டிய எர்த் ஒயரையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட், ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் காட்டினால் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் பெரும்பாலும் சரி.

பக்கெட் தானாகத் தொய்ந்து இறங்குகிறது என்பது அடிக்கடி வரும் புகார். சிலிண்டர் சீலா, வால்வா? சிலிண்டரைப் பிரிக்காமலே அறியலாம். பக்கெட் சிலிண்டரைக் கடைசி வரை நீட்டி, பக்கெட்டைத் தரையில் வைத்து, பிரஷரை இறக்கி, தண்டுப் பக்கத்து ஹோஸைக் கழற்றி அந்த ஹோஸுக்குத் தக்க மூடி போட்டுவிடுங்கள். சிலிண்டரின் திறந்த வாயைப் பாத்திரம் நோக்கி வைத்து, இன்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, அதே திசையில், அதாவது நீட்டும் திசையில், லீவரை லேசாகப் பிடிக்க வேண்டும். உள்ளே தேங்கியிருந்த கொஞ்சம் வடிந்த பிறகும் ஆயில் தொடர்ந்து ஓடிவந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. நின்றுவிட்டால் சிலிண்டர் நல்லது, வால்வு பக்கம் போங்கள். தப்பித்தவறி எதிர்த் திசையில் லீவரைத் தொடாதீர்கள்.

ஹோஸ் கசிவைக் கையால் தடவிக் கண்டுபிடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஊசித்துளை வழியாக வரும் ஆயில் கண்ணுக்குத் தெரியாது, கையுறையைத் துளைத்துத் தோலுக்குள் போய்விடும். முதலில் எறும்பு கடித்த அளவுக்குத்தான் தெரியும், வலி கூட இருக்காது. சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரிடும். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், ஈரம் படிந்தால் அங்கே கசிவு. தோலில் பட்டுவிட்டால் உடனே அறுவைசிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே இறங்கியிருக்கிறது என்று அந்த வார்த்தையிலேயே சொல்ல வேண்டும்.

சர்வீஸ் அட்டவணையை ஹவர் மீட்டரை வைத்துப் போடுகிறோம். புது வண்டிக்கு முதல் 50 மணியில் ஒரு ஆயில் மாற்றம், பிறகு இன்ஜின் ஆயில் 250 அல்லது 500, இன்ஜின் ஃபில்டர்களுக்கு ஒரு கணக்கு, ஹைட்ராலிக் ரிட்டர்ன் ஃபில்டருக்கு இன்னொன்று. எல்லாம் பக்கெட் வேலைக்கு எழுதியது. பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டினால் அந்தக் கணக்கு செல்லாது. அதன் அதிர்வும் சூடும் ஆயிலைச் சீக்கிரம் கெடுக்கும், தூசியும் உலோகப் பொடியும் ஆயிலோடு திரும்பி வரும். அதனால்தான் பிரேக்கர் ஓடும் நேரத்துக்கு ஹைட்ராலிக் ஆயிலையும் ஃபில்டரையும் முன்கூட்டியே மாற்றச் சொல்லித் தனி அட்டவணை கொடுக்கிறார்கள். நான் பார்த்த ஆபரேட்டர்களில் ஒருவர் கேபினுக்குள் சின்ன நோட்டுப்புத்தகம் வைத்து, பிரேக்கர் ஓடிய நேரத்தை மட்டும் தனிக் கோடு போட்டு எழுதுவார். பிரேக்கருக்குக் கிரீஸ் அடிப்பதிலும் அவரிடம் ஒரு ஒழுங்கு இருந்தது: உளியைத் தரையில் நேராக ஊன்றி, மேலே தள்ளி அழுத்திய நிலையில்தான் அடிப்பார். தொங்கவிட்டு அடித்தால் பிஸ்டன் தட்டும் இடைவெளியில் கிரீஸ் போய் நிரம்பும். அடுத்த தட்டில் அது போக வழியில்லாமல் சீலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.